சிவப்புத் துண்டுக்காரன் படத்தில் என் அம்மா

குவைத்துக்கு விமானம் ஏற இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போவதில்லை.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்றேகால் வயது. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கூலிக்குப் போகிற வீட்டில் அந்தக் காலத்தில் யார் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்? என் அப்பா, நைனா, தன் கல்யாணத்துக்கே இரவல் வேட்டியில் நின்றவர். ஆனால் அம்மா ஒரு சினிமாவில் இருக்கிறாள். அது ஊருக்கே தெரியும். புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பாறைமேட்டில் ஒரு தெலுங்குப் படம் எடுத்தார்கள். கூட்டமாக நிற்க எங்கள் தெரு ஆட்களைக் கூப்பிட்டார்கள். அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு போனாளாம்.

அந்தப் படத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாயகன் பறப்பான். பேண்டுக்கு மேலே மஞ்சள் ஜட்டி, முதுகில் சிவப்புத் துண்டு. நகரியில் நெய்தது என்று கரையைப் பார்த்தாலே தெரியும். அவனைத் தூக்கும் கம்பி வெயிலில் பளபளக்கும். வில்லன் ஒரு ராட்சசப் பல்லி. ரப்பர்தான். அது நடந்து வரும்போது உள்ளே இருக்கிற ஆளின் செருப்பு தெரியும். படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பிறகு பெட்டி எந்த மூலையில் கிடந்ததோ. நர்சிங் படிக்கத் திருப்பதிக்குப் போன நாளிலிருந்து நான் ஒவ்வொரு வீடியோ கடையாக ஏறி இறங்கினேன். 'இல்லை' என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டுக் காது புளித்துப்போனது.

நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்வதற்குள் காலம் புரண்டுவிட்டது. தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. சித்தூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ குவைத்துக்கோ மூட்டை கட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பழைய படங்களையெல்லாம் தேடிப்பிடித்து வி.சி.டி.யாக விற்கத் தொடங்கினான். அன்றைக்கு ஓடாத படம் இன்றைக்கு 'கிளாசிக்' ஆகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து சிரிப்பதற்கென்றே வாங்கினார்கள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு டிஸ்க் வைத்த உறையை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இதா? நவ்வி நவ்வி சாவாலம்மா!" என்றார். சிரித்தே சாக வேண்டுமாம்.

"அதுல எங்கம்மா இருக்காங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஹீரோயினா?"

"கூட்டம்" என்றேன்.

அன்று மாலையே ஹாஸ்டலில் பிளேயர் வைத்திருந்த தோழியின் அறையில் போட்டோம். ஆறு நர்சுகள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யாரிடமும் அம்மாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சில இடங்களில் எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் என் கண் ஒரு ஜடையைத்தான் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அம்மாவைப் பற்றிச் சொல்வது அந்த முழங்காலைத் தொடும் ஜடையைத்தான்.

ஜடை கிடைத்தது. இரண்டாவது டிஸ்க்கில், பல்லிக்குப் பயந்து ஓடும் கூட்டத்தில், ஒருத்தியின் முதுகில். ஒரு நொடிதான். முகம் திரும்பவே இல்லை. தனியாக உட்கார்ந்து பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு முறையும் முதுகைக் காட்டிக்கொண்டே ஓடினாள்.

விடுவேனா? மறுவாரமே பிளேயரை இரவல் வாங்கித் துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மாவை அடையாளம் காட்ட நைனாவைவிட வேறு யார் வேண்டும்? அவரோ டிஸ்க்கைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுல அவ இல்லம்மா. வுடு. சோறு துன்னு மொதல்ல."

"ஜடை இருக்குது நைனா. நான் பாத்தேன்."

"ஜடைய பாத்துட்டியே, போதும்."

"நீ உக்காரு. இல்லன்னா நான் குவைத்துக்குப் போவல. ஏஜெண்டு இப்பவே போன் போட்டுக்கினு கீறான், வரலன்னு சொல்லிடறேன்."

நான் சொன்னால் செய்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார். ஜடை வந்தது, போனது. நான் நிறுத்தப் போனேன். "இன்னும் கொஞ்சம் போவட்டும்" என்றார். அடுத்த காட்சியில் அதே கூட்டம் அண்ணாந்து நின்று அலறுகிறது. வானத்தில் துண்டுக்காரன்.

"அதோ. அவதான்" என்றார் நைனா.

அவர் விரல் காட்டிய இடத்தில் ஒரு மொட்டைத் தலை இருந்தது. சந்தனம் காயாத மொட்டை. இடுப்பில் ஒரு மொட்டைக் குழந்தை. "பல்லியப் பாத்து முடியே கொட்டிப்போச்சுடீ" என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னதும், ஆறு பேரும் புரண்டு சிரித்தது இவளைப் பார்த்துத்தான். அன்று நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நைனா டி.வி.யைப் பார்த்தபடியே பேசினார். எட்டு மாதத்தில் எனக்கு இழுப்பு வந்ததாம். பிழைத்தால் தாயும் பிள்ளையும் மலையில் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பஸ்ஸுக்குக் காசு சேராமல் அது தள்ளிக்கொண்டே போனது. ஷூட்டிங்கில் முதல் நாள் கூலி கைக்கு வந்தது. மறுநாள் ஷூட்டிங் இல்லை. மூன்று பேரும் திருமலைக்கு ஏறிவிட்டார்கள்.

"நாளன்னிக்கு இதே மாதிரியே வரணும்னு அந்த மேனேஜரு சொன்னான். அதே பொடவையத் தொவைச்சிக் கட்டிக்கினுதான் வந்தா. அதே கொழந்தையத் தூக்கிக்கினுதான் வந்தா. தலையப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லலையே? பாத்துட்டு, அவன் தலையில அடிச்சிக்கினான். முக்காடு போட்டுக்கினு பின்னால நில்லுன்னான். அண்ணாந்து பாத்தா முக்காடு நிக்குமா?"

"இத்தினி வருசமா ஏன் நைனா சொல்லல?"

"முடி மொளைக்கறதுக்குள்ள பூட்டாம்மா. மூணு மாசம். ஊருக்கெல்லாம் அவ ஜடை ஞாபகம். எனக்கு இந்தத் தலைதான். அத நீ பாக்க வேணாம்னு நெனச்சேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் செய்த காரியம் சிரித்தது. வெட்கத்தில் நைனாவின் பக்கம் திரும்பவே முடியவில்லை. அழுதுகொண்டே அந்த இடத்தை மறுபடி போட்டேன். நிறுத்தினால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதனால் நிறுத்தாமல் ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன்.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோதான் கவனித்தேன். சுற்றிலும் எல்லாரும் வாயில் அடித்துக்கொண்டு அலறுகிறார்கள். அம்மா அலறவில்லை. கையை நீட்டி, கம்பியில் தொங்கும் துண்டுக்காரனை இடுப்பிலிருக்கும் எனக்குக் காட்டுகிறாள். பல்லெல்லாம் தெரிகிறது.

"பயந்து கத்துங்கன்னு மைக்குல சொல்லிக்கினே இருந்தான்" என்றார் நைனா. "இவளால ஆவல. அவன் ஜட்டியப் பாத்துப் பாத்து சிரிச்சிக்கினே கெடந்தா."

அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தவள் என் அம்மாதான்.

நைனா என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி வர்றதுக்கு எத அமுக்கணும்?" என்றார்.