மாமாவின் எஸ்டேட்

எங்கள் மாமா இரண்டு வருஷம் வால்பாறையில் டீ எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் இது தெரியாதவர்கள் யாரும் கிடையாது, ஏனென்றால் நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கூலில், சண்டே ஸ்கூலில், தண்ணி கேன் போடுகிற அண்ணனிடம்கூடச் சொல்லியிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜன்னலைத் திறந்தால் மேகம் ரூமுக்குள் வந்து கட்டிலில் உட்காருமாம். ஷூவை உதறாமல் போட்டால் உள்ளே அட்டை இருக்குமாம். காட்டெருமை ஆபீஸ் வாசலில் வந்து நின்றால் அன்றைக்கு லீவாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடாது.

அத்தனையும் பொய். அதாவது மலை பொய்யில்லை, மாமா அங்கே இருந்ததுதான் பொய். காலேஜ் முடித்த வருஷம் அவருக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. ரூமை விட்டு வராமல், சாப்பிடாமல் கிடந்தவரைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். அங்கே பக்கத்துக் கட்டில்காரர் வால்பாறை ஆள். மேகமும் அட்டையும் காட்டெருமையும் அவர் கொடுத்தவை. யாராவது விசாரித்தால் "தம்பி எஸ்டேட்ல இருக்கான்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும் அதை வைத்துத்தான். இதெல்லாம் நான் காலேஜில் சேர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு வயசில் எனக்கு மேகம் மட்டும்தான் தெரியும்.

குணமாகி வந்த மாமாவுக்கு மறைமலை நகரில் கார் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம். பெண் வீட்டிலும் எஸ்டேட் கதையையே சொல்லிவிட்டார்கள். கல்யாணமான முதல் மாசமே மாமா தாங்க முடியாமல் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம், மறுநாள் வழக்கம்போல அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாளாம். ஆனால் அத்தையின் அப்பாவிடம் சொல்ல இரண்டு பேருக்குமே தைரியமில்லை.

அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த மாப்பிள்ளையே அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் சார் தாத்தா. சர்ச்சில் யாரோ அவர் காதில் எதையோ போட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, ரெண்டு வருஷத்துல ஒரு போட்டோ கூடவா இல்ல? இப்பல்லாம் தோசை சாப்பிட்டாலே போட்டோ எடுக்குறாங்க."

"அங்க சிக்னல் இருக்காது சார்," என்றார் மாமா.

"போட்டோ எடுக்குறதுக்கு எதுக்கு சிக்னல்?"

மாமா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எஸ்டேட்டை நேரிலேயே பார்த்துவிடலாம், காலாண்டு லீவில் எல்லாரும் போய்வரலாம் என்று சார் தாத்தா முடிவு செய்துவிட்டார். போகும்போது வாசலில் அம்மாவிடம், "ஏமாத்திக் கட்டிவச்சிருந்தீங்கன்னா, அன்னிக்கே என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன்மா," என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. எனக்கு டூர் போகிற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கோயம்புத்தூரில் ரயிலை விட்டு இறங்கி ஒரு வேன் பிடித்தோம். ஏறியதும் சார் தாத்தா ஜெபம் செய்தார். "மறைவாக இருக்கிறதை எல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்று ஒரு வரி வந்ததும் அம்மா பட்டென்று கண்ணைத் திறந்தாள். அத்தையும் திறந்தாள். நான் மூடவே இல்லை, அதனால் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு மலை என்றால் பல்லாவரத்தில் பாதி வெட்டிப்போட்டது ஒன்று, அவ்வளவுதான். இந்த மலையைப் பார்க்க நான் வேன் ஜன்னலில் கழுத்தைத் திருகிக்கொண்டே வந்தேன், அப்படியும் உச்சி தெரியவில்லை. மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவாம். ஒன்பதாவதில் டிரைவர் நிறுத்தினார். கொஞ்ச நேரம் முன்னால் கடல் மாதிரி இருந்த ஆழியாறு அணை கீழே கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. பாறை விளிம்பில் ஒரு வரையாடு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், எதையோ மென்றுகொண்டு நின்றது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பயமா, சந்தோஷமா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்கும் மேலே போனால், டீ. பச்சை, அதற்கு மேல் பச்சை, அதற்கும் மேல் பச்சை! யாரோ பொறுமையாக உட்கார்ந்து மலைக்குத் தலைவாரிவிட்ட மாதிரி வரிவரியாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் ஒன்று ரோட்டைக் கடந்து, நிஜமாகவே வேனுக்குள் வந்து, என் முகத்தை ஈரமாக்கிவிட்டு மறுபக்க ஜன்னல் வழியாகப் போனது.

"மாமா சொன்னதெல்லாம் நிஜம்!" என்று கத்தினேன்.

மாமா திரும்பவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வாயைப் பிளந்துகொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அடேங்கப்பா," என்றார், மெதுவாக.

"என்ன மாப்பிள்ளை," என்றார் சார் தாத்தா, "முதல் தடவை பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"எத்தனை தடவை பார்த்தாலும் இப்படித்தான் சார் இருக்கும்," என்றார் மாமா.

பரீட்சை ஆரம்பித்தது. அது என்ன மரம்? சில்வர் ஓக் சார், டீச்செடிக்கு நிழல். செடியெல்லாம் ஏன் இடுப்பளவுக்கே இருக்கு? கவாத்து பண்ணுவாங்க சார், வெட்டிவிடலேன்னா மரமாயிடும். எல்லாவற்றிலும் பாஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி, உங்க எஸ்டேட் எது?"

மாமா அடுத்த வளைவில் தெரிந்த ஒரு தகரக் கூரையைக் கை காட்டினார். இறங்கினோம். அந்தக் குளிரிலும் மாமாவின் நீலச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களே, கூப்பிடுங்க," என்றார் சார் தாத்தா. மாமா தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேம்பா," என்று அத்தை என் கையைப் பிடித்துச் சரிவில் இறங்கினாள். கீழே, பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு நாலைந்து பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அதில் மூத்தவரிடம் குனிந்து, "அக்கா, மேல நிக்கிறாரே, நீலச் சட்டை, என் வீட்டுக்காரர். அவரைப் பார்த்து 'நல்லா இருக்கீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்கக்கா. முன்னாடியே தெரிஞ்ச மாதிரி. ஆபீஸ்ல இருந்தவர். எங்கப்பா பக்கத்துல நிக்கிறார்," என்றாள்.

அந்தம்மா மேலே பார்த்தார். அத்தையைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார்.

"என்னங்க சார், நல்லா இருக்கீங்களா? அடையாளமே தெரியல, இப்படி இளைச்சுட்டீங்க! கல்யாணம் முடிஞ்சுதா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே! நீங்க போனப்புறம் ஆபீஸ்ல எங்களை மதிச்சுப் பேச ஆளே இல்லைங்க சார்."

கேட்டது ஒரு வார்த்தை, கொடுத்தது ஒரு கூடை. மாமா கண்ணை அகல விரித்து, "நல்லா இருக்கேன்க்கா," என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, கையெடுத்துக் கும்பிட்டார். சார் தாத்தாவும் கும்பிட்டார். அம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மலை ஏறினால் சிலருக்குத் தலை சுற்றும் என்று டிரைவர் சொல்லியிருந்தார், அதுதான் என்று நினைத்தேன்.

இறங்கும் வழியில் குரங்கு அருவி. சத்தம் முதலில் வந்தது, வயிற்றுக்குள்ளேயே இரைகிற சத்தம். பிறகு அந்த வெள்ளை. எங்கள் வீட்டில் தண்ணி லாரி வந்தால்தான் தண்ணி. இங்கே யாரும் கேட்காமல், யாரும் நிறுத்தாமல், பாறை பாறையாக விழுந்துகொண்டே இருக்கிறது! நனைந்து நடுங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, குளிக்காமல் பைகளுக்குக் காவல் இருந்த சார் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு ஏதாவது நல்லது சொல்லவேண்டும்போல இருந்தது.

"பாத்தீங்களா சார் தாத்தா, எங்க மாமாவை அந்தம்மா எவ்ளோ ஞாபகம் வச்சிருக்காங்க! அத்தை போய், நீலச் சட்டை, நல்லா இருக்கீங்களான்னு கேளுங்கன்னு சொன்னதும் ஓடி வந்து கேட்டுட்டாங்க."

"அத்தையா சொன்னா?"

"ஆமா. தெரிஞ்ச மாதிரி கேளுங்கன்னு."

குரங்கு ஒன்று வந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது, சார் தாத்தா அதைக்கூடப் பார்க்கவில்லை. அருவிக்கு அடியில் அத்தை தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்ட, சின்னப் பெண் மாதிரி கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா தண்ணீருக்குள் போகாமல் பாறை ஓரத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெருமையான விஷயத்தைச் சொன்னேன், ஒரு 'பரவாயில்லையே' கூட இல்லையே என்று எனக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று.

வெகுநேரம் கழித்து, சார் தாத்தா கண்ணாடியையும் வாட்ச்சையும் கழற்றி என் கையில் கொடுத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பாறையில் அடிமேல் அடி வைத்துப் போய், மாமாவின் கையைப் பிடித்தார். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த இரைச்சலில் சார் தாத்தா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஏதாவது சொன்னாரா என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே அருவிக்குள் போனார்கள்.

திரும்பி வரும்போதும் சார் தாத்தா அந்தக் கையை விடவில்லை. வழுக்குப் பாறை முடிந்து, படி முடிந்து, தார் ரோட்டுக்கு வந்த பிறகும், வேன் வரைக்கும் விடவில்லை. வயசானவர், ரொம்பப் பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.