தேவகி எழுதிய ஒரு ‘கூடாது’

தேவகியின் மேசையில் எப்போதும் ஒரு மஞ்சள் அளவுநாடா கிடக்கும். தையற்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. போனில் பேசும்போது அதை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். கூலிம் ஊரில் சக்கர நாற்காலி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவள் ஆர்டர்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பதினேழு வயதில் சேர்ந்தவள். தொழிற்சாலை இருக்கும் இடம் முன்பு ரப்பர் காடாக இருந்தது. போட்டோகாப்பி இயந்திரம் நிற்கிற இடத்தில்தான் தன் அம்மா பால் வெட்டினார் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள். அது உண்மையா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

இருக்கையின் அகலம், மடியும் சட்டமா மடியாததா, எந்தச் சக்கரம், எந்த பிரேக் என்று கடைகளிலிருந்து ஆர்டர் வரும். எல்லா உறுப்பும் எல்லா நாற்காலிக்கும் பொருந்தாது. எது எதோடு சேரும் என்பது தேவகியின் தலையில் இருந்தது. அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் ஆர்டர்கள் தேங்கிவிடும். அதைக் கணினிக்கு மாற்றத்தான் ஆறு வருடங்களுக்கு முன் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அவளுக்கு என்மேல் கோபம் வரும் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்டாள்.

முதலில் நான் செய்த மென்பொருள் பன்னிரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்கும். அவள் அரை மணி நேரம் தட்டிப் பார்த்தாள்.

“நீ வரிசையா கேக்கிற ஜெனி. மனுசங்க வரிசையா வரமாட்டாங்க லா. அலோர் ஸ்டார்ல ஒரு அங்கிள் இருக்காரு, போன எடுத்ததும் பச்சை கலர் இருக்கான்னுதான் கேப்பாரு. உன் மெசின் அவர பன்னிரண்டாவது கேள்வி வரைக்கும் நிக்க வச்சிரும்.”

இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்தேன். கல்லூரியில் படித்து, பரீட்சையோடு மறந்துபோன ஒரு முறை இருந்தது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கணினிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியைப் பற்றி எவையெல்லாம் உண்மையோ அவற்றை மட்டும் விதிகளாக எழுதி வைத்தால் போதும். வாடிக்கையாளர் எந்த முனையில் தொடங்கினாலும், இனி எது முடியும், எது முடியாது என்று அதுவே முடிவுகட்டிக்கொள்ளும். அங்கிள் பச்சையைத் தொட்டால், பச்சையில் வராத சட்டங்கள் தாமாகவே மறைந்துவிடும்.

தேவகி தாளில் எழுதிச் சொல்லச் சொல்ல நான் கணினியில் ஏற்றினேன். மூன்று மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகள். பெரும்பாலும், அநேகமாக என்ற சொற்கள் அவள் வாயில் வரவே வராது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார், எந்த வருடம் என்று குறிக்கச் சொன்னாள். கணினிக்கு அது தேவையில்லை என்றேன்.

“அதுக்கு வேணாம். சண்டை வந்தா நமக்கு வேணும்.”

தொடக்கத்தில் ஒத்துவராத ஆர்டருக்குத் திரையில் ‘பொருந்தாது’ என்று மட்டும் வரும். முடியாது என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது கேட்டில் நிற்கிற ஜாகா மாதிரி என்றாள். எங்கள் காவலாளி நல்ல மனிதர், ஆனால் காரணம் சொல்லும் பழக்கம் கிடையாது. ஆகவே, ஓர் ஆர்டர் நின்றுபோனால் எந்தெந்த விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று காட்டும்படி செய்தேன். அவற்றில் ஏதாவது ஒன்றை விலக்கினால் போதும், மோதல் தீர்ந்துவிடும்.

பாலிங் என்ற ஊரிலிருந்து அழகம்மாவின் ஆர்டர் வந்தது போன வருடம். பால் வெட்டு வேலை செய்தவர். இனிப்புநீர் நோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். கால் இல்லாதபோது உடம்பின் கனம் பின்பக்கம் போய்விடும்; சாதாரண நாற்காலி சின்ன மேட்டில்கூட மல்லாந்துவிடும். இரவல் நாற்காலியில் அவர் அப்படி விழுந்து பின்மண்டையில் அடிபட்டிருந்தார். அதற்குப் பிறகு ஐந்து மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

கடை மூலமாக மூன்று முறை ஆர்டர் போட்டும் கடைக்காரர் ‘பொருந்தாது’ என்று மட்டுமே சொன்னதால், அவருடைய மகள் லோகேஸ்வரி நேரே தேவகிக்குப் போன் செய்தாள். பின் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும் தகடு வேண்டும். அவளுடைய கஞ்சில் காரில் ஏற்ற, நாற்காலி மடியவும் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே அழகம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போக இல்லம்மா. அதுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இருக்கு. பாசாருக்கு நானே போவணும். இந்தப் புள்ள வாங்கிட்டு வர்ற மீனு வாயில வைக்க முடியல.”

தேவகி சிரித்தபடியே திரையைப் பார்த்தாள். மோதிய விதிகள் மூன்று. கால் இல்லையென்றால் தகடு வேண்டும். காரில் ஏற்ற வேண்டுமென்றால் மடியும் சட்டம் வேண்டும். மடியும் சட்டத்தோடு தகடு கூடாது. முதல் இரண்டிலும் கேள்விக்கே இடமில்லை. மூன்றாவதின் பக்கத்தில், ‘குழந்தைவேலு அண்ணன் சொன்னது, 2012’ என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா விரலில் இறுகிவிட்டது. பிறகு எழுந்து கீழே பட்டறைக்குப் போனாள். நானும் போனேன்.

குழந்தைவேலு உறுப்புகளைச் சேர்த்து நாற்காலிகளைப் பூட்டும் தொழிலாளி. கேட்டதும் ஸ்டோருக்குள் போய்க் கைக்கு அடக்கமான ஒரு தகட்டோடு வந்தார்.

“அப்ப நீளத் தகடு மட்டும்தான் தங்கச்சி. மடிச்சா நடுக் கம்பியில இடிக்கும். இந்தக் குட்டைத் தகடு வந்து நாலு வருசமாச்சி. மேலேர்ந்து யாரும் கேக்கலையே.”

பூட்டினார். மடித்தார். தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தேவகிக்கு அது போதவில்லை. குழந்தைவேலு ஒரு காலை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. லாரியில் சரக்கேற்றும் சரிவில் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“விட்டுராத தங்கச்சி. இன்னும் ஈபிஎஃப் காசு எடுக்கல” என்றார் அவர்.

நாற்காலி மல்லாந்து விழவில்லை. பட்டறையே சிரித்தது, அவளைத் தவிர. மாடிப்படியில் நின்றுவிட்டாள்.

“கூடாதுன்னு எழுதிட்டேன் ஜெனி. நம்மகிட்ட இல்லைன்னுதான் எழுதியிருக்கணும்.”

அந்த வரியால் இதுவரை எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று தேடச் சொன்னாள். குட்டைத் தகடு வந்த பிறகு மட்டும் பதினொரு ஆர்டர். அந்த வாரம் பதினொரு வீட்டுக்கும் அவளே போன் செய்தாள். தப்பு என்னோடது என்று தொடங்குவாள். ஐந்து பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்த இரண்டு போனுக்குப் பிறகும் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் போட்டோகாப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாள்.

அழகம்மாவின் நாற்காலியைச் சனிக்கிழமை நாங்கள் இருவருமே பாலிங்குக்குக் கொண்டுபோனோம். தேவகி நாடாவை எடுத்து வாசலை அளந்தாள். இருபத்தாறு அங்குலம். நாற்காலி இருபத்துநான்கு. அழகம்மா வாசலைத் தாண்டிச் சாலைவரை தானே உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். கேட்டருகில் இருந்த சின்ன மேட்டில் ஏறும்போது தேவகி பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தாள், தொடாமல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தேவகிக்கு நெஞ்சு வலித்தது. நாற்பத்துநான்கு வயது. கணவர் மணியம் காரை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் அவள் வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. அவள் மேசையிலிருந்து எடுத்த நாடா என் கைப்பையில் இருந்தது. மணியத்திடம் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். கஞ்சில் கார் வந்து நின்றது. லோகேஸ்வரி பின்சீட்டிலிருந்து மடித்த நாற்காலியை இறக்கி விரித்தாள். மடியில் ஒரு பொட்டலம் மல்லிகையோடு அழகம்மா உருட்டி வந்தார். காலையில் பாசாரில் தானே பார்த்து வாங்கியதாகச் சொன்னார். நான் செருப்புகளை ஓரம் தள்ளினேன். அவர் வாசலுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“வாசல் எவ்வளவும்மா?”

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை போய்வந்த வாசல். நாடாவை எடுத்து அளந்தேன். இருபத்தேழு என்றேன்.

வாசற்படியில் சக்கரம் ஒருமுறை தயங்கியது. உள்ளேயிருந்து யாரோ பிடிக்க வந்தார்கள். அழகம்மா தலையை அசைத்து வேண்டாம் என்றார். கொஞ்சம் பின்னுக்குப் போய், மூச்சைப் பிடித்து, தானே ஏறி உள்ளே போனார். நான் இரண்டு கையையும் நீட்டியபடி பின்னால் நடந்தேன்.