தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் வரிச் சலுகையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிவகாசியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். வரி கட்டும் அளவுக்கு அவர் சம்பளம் உயர்ந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அதில் எத்தனை வம்பு இருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வரியை நாமாகப் போய்க் கட்ட வேண்டியதில்லை. கம்பெனியே மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். கல்யாணமானவர் என்றால் பிடித்தம் கொஞ்சம் குறையும்; பிள்ளை இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். இவர் ஒரு மகன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உண்மைதான். ஆனால் அந்த மகனை என் பிள்ளை என்று நான் வாயால் சொல்லக் கூடாது.

முதல் இரண்டு பிள்ளைகளும் எனக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி தவிட்டுக்கு விற்றுவிட்டோம். வாங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. முஸ்லிம் குடும்பம், அவர் வீட்டுக்காரருக்குப் பேப்பர் வியாபாரம். ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, வளர்க்கச் சொல்லி என் கையிலேயே தந்தார். பையன் அவரை அம்மா என்பான், என்னைச் சித்தி என்பான். ஐந்து வயதில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் முடியிறக்கி, அக்கா கையில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதாக வேண்டுதல். அதற்குள் பெற்றவள் உரிமை கொண்டாடினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இரண்டைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் வருமான வரி ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். இல்லாத பிள்ளையை எழுதிக் கொடுத்துச் சிலர் சலுகை வாங்குவதாகப் புகாராம். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனைக் காட்டி, உங்கள் பிள்ளையா என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா, பக்கத்து வீட்டுப் பையன். எனக்குப் பிள்ளை இல்லை."

யார் கேட்டாலும் சொல்கிற பதில், யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் அதை எழுதிக்கொண்டு, கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, என் வேலைக்கே உலை வச்சிட்டியே" என்றார். கம்பெனியில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் சரிபார்த்தவர் இவர்தான். மேனேஜரே பொய் எழுதினார் என்று ஆனால் என்ன மரியாதை? முதலாளியும், இதை முடித்துவிட்டு வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். பிரசவம் என் அம்மா ஊரில். பிறப்பைப் பதியவும் இல்லை, அதனால் காட்ட ஒரு காகிதமும் இல்லை. நானும் பையனும் நேரில் வந்தால்தான் ஆகும் என்று விருதுநகர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, சொல்லாவிட்டால் இவருக்கு என்ன ஆகுமோ. அக்காவிடம் போய் அழுதேன். "நானும் வாரேன், அழுகாத" என்று துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் பையனைத் தொட்டுப் பார்த்தேன், உடம்பு லேசாகச் சுட்டது.

இவர் தவிட்டுக் கதையை அதிகாரியிடம் விளக்கினார். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. பையனைக் கூப்பிட்டு, உங்கம்மா யாரு தம்பி என்றார். அவன் மிரண்டு ஓடி, அம்மா என்று அக்காவின் துப்பட்டிக்குள் புகுந்துகொண்டான்.

"நான் வாங்குனவதான்யா. பெத்தவ இவ" என்றார் அக்கா.

"அத அவங்கதாம்மா சொல்லணும்" என்று அதிகாரி என்னைப் பார்த்தார்.

துப்பட்டிக்குள் இருந்தவனைப் பார்த்தேன். இவரையும் பார்த்தேன்.

"என் பிள்ளைதான்யா. நான் பெத்த பிள்ளை."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன். அவன் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. அதிகாரி ஒரு தாளை எடுத்து வைத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, அந்த மட்டில் விட்டுவிட்டார். இவர் வேலை பிழைத்தது.

பஸ் ஸ்டாண்டில் பையனுக்கு உடம்பு கொதித்தது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று அப்படியே நின்றுவிட்டேன். அக்கா அவனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நீ பெத்தேன்னுதான சொன்ன? நான் திருப்பி வித்துட்டேன்னு சொன்னேனா? இருக்கன்குடியில எங்கையில காசு குடுக்குற வரைக்கும் இவன் எம்பிள்ளதான். உங்க ஆத்தாளுக்கு அது தெரியும். வா, பஸ்ஸு போயிரும்."

வழியெல்லாம் அவர் மடியில்தான் படுத்து வந்தான். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வேண்டுதல் முடிந்து, அவனும் வளர்ந்து ஆளாகி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவனுக்கு அம்மா நான் ஒருத்திதான் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.