கடல் இருந்த பூங்கா

இன்று எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கின் சந்தையில் கருவாட்டு வாடை அடித்ததும், பினாங்கின் அந்தக் கடலோரப் பூங்கா நினைவுக்கு வந்தது. அப்பாவின் சாம்பலை அங்கேதான் கரைத்தோம். அதற்குப் பிறகு தைப்பூசத்துக்கு எஸ்டேட் லோரியில் போகும்போதெல்லாம், அம்மா பூங்காவின் கல்படியில் உட்கார்ந்து, அலை காலை நனைக்க நனைக்க, அவர் வேலை செய்த மலையில் கிள்ளிய தேயிலைக் கொழுந்தை ஒவ்வொன்றாக நீரில் விட்டபடி அவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த வருடம் படியும் இல்லை, கடலும் இல்லை; எல்லாம் செம்மண் மேடு. அங்கே நட்டிருந்த பலகையை, குடும்பத்திலேயே முதலில் படித்தவள் என்ற மிடுக்கோடு சத்தமாக வாசித்தேன். கடலைத் தூர்த்து ரோடு போடுகிறார்களாம்.

"படிச்சவதானே நீ, உங்கப்பா இப்ப எங்க இருக்காருன்னு அதுல போட்டிருக்கா பாரு," என்றாள் அம்மா, மடியில் வாடும் கொழுந்தோடு.

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.