நாக்கை மடித்தால் வெள்ளம்

மண்ணூர் கூட்டுரோட்டில் இருந்த பாஞ்சாலியக்கா கடையில் நான் ஒரு முழு முறுக்கு வாங்கித் தின்றதே கிடையாது. காரணம், நான் இருங்காட்டுக்கோட்டைக்காரன். அக்கா வல்லத்தில் பிறந்து மண்ணூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணக்கில் உலகத்து ஜனங்கள் மொத்தம் இரண்டு வகை. வல்லத்துக்காரர்கள் ஒன்று, பாவம் வல்லத்தில் பிறக்காதவர்கள் இன்னொன்று. வல்லத்து ஆள் வந்து நின்றால் டப்பாவின் மேலாக இருக்கும் முழு முறுக்கு. மற்றவர்களுக்கு அடியில் கிடக்கும் உடைசல். கட்டின புருஷன் நாகப்பனுக்கே உடைசல்தான், அவர் மண்ணூர்க்காரர் அல்லவா.

இதை அவள் ஒளித்து மறைத்துச் செய்ததில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "ஆமா, எங்க ஊரு ஆளுன்னா எனுக்கு ஒரு இது. அதுக்கு இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு அடுத்த உடைசலை என் கையில் வைத்தாள்.

கோபம் வந்தது. ஆனால் வழியும் இருந்தது. எங்கள் கம்பெனியில் வல்லத்துச் சுப்பிரமணி என்று ஒருவன் வேலை செய்தான். டீ நேரத்தில் எல்லாருக்கும் சேர்த்து அவனையே அனுப்பிவிடுவோம். லைன் முழுக்க முழு முறுக்காகக் கடிக்கும். தராசு எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று தெரிந்துவிட்டால், எதிர்த்தட்டில் ஒரு கல்லைப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம். சுப்பிரமணிதான் எங்கள் கல்.

சாலமோன் விஷயம் அப்படியில்லை. அங்கே அக்கா தராசைக் கையிலேயே எடுக்காமல் எடையைச் சொல்லிவிட்டாள்.

சாலமோன் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு வெல்டராக வந்தவன். எழுபத்தெட்டு வாக்கில் இருக்கும், மதுவிலக்குக் காலம். ஆள் சாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். யாராவது சத்தமாகப் பேசினால் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல எழுந்து நிற்பான். கம்பெனி ஆட்களோடு ஒரே அறையில் அடைந்து கிடந்தான். மனைவி அன்னபுஷ்பம் பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள், பெண் பிள்ளை பிறந்து ஆறு மாதமாகியும் அங்கேயே இருந்தாள். இங்கே ஒரு வீடு கிடைத்தால்தான் அழைத்துவர முடியும். லீவு கிடைக்காததால் பிள்ளையின் முகத்தைக்கூட அவன் பார்த்திருக்கவில்லை. அதைச் சொல்லும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அக்காவின் கடைக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. சாலமோன் போய்க் கேட்டான். அதில் கோழி அடைகிறது என்றாள் அக்கா. அதுவரை கோழிகள் முருங்கை மரத்தில்தான் அடைந்துகொண்டிருந்தன. சொன்ன சொல் பொய்யாகக் கூடாதே என்று அன்று சாயங்காலமே அத்தனையையும் பிடித்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். கோழிகளுக்கே ஒன்றும் புரியவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆள் என்ன பாவம் செய்தான் என்று நேராகவே கேட்டேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெனமும் வந்து வெல்லம் வாங்கினு போறான். பொண்டாட்டி இல்லாத ஆம்பள, தெனமும் பாயசமா வெச்சிக்கினு கீறான்? பட்டை ஊறப் போட்டுச் சாராயம் காய்ச்சறான்."

அந்தக் காலத்தில் யார் எவ்வளவு வெல்லம் வாங்குகிறார்கள் என்று போலீஸே கடைக்கடையாக விசாரித்ததுண்டு. பயம் நியாயம்தான். ஆனால் அக்காவுக்கு அது பயமாகவே இல்லை, தீர்ப்பாக இருந்தது. நான் எதைச் சொன்னாலும் அந்தத் தீர்ப்புக்கே சாட்சியாக மாறியது. கண் சிவந்திருப்பது வெல்டிங் வெளிச்சத்தால் என்றேன். ராத்திரியெல்லாம் அடுப்படியில் குந்தினால் சிவக்காமல் என்ன செய்யும் என்றாள். அவன் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான் என்றேன். காய்ச்சுகிறவனே குடித்தால் வியாபாரம் என்ன ஆவது என்றாள். சர்ச்சுக்குப் போகிறானே என்றேன். பாவம் செய்கிறவனுக்குத்தானே அதெல்லாம் வேண்டும் என்றாள். தெற்கத்தி ஆளையே நம்பக் கூடாது என்று முடித்தாள். எத்தனை தெற்கத்தி ஆட்களைத் தெரியும் என்று கேட்டேன். இவன்தான் முதல் ஆள் என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

உடைசல் முறுக்கைச் சுப்பிரமணியை அனுப்பிச் சரிக்கட்டலாம். இதற்கு யாரை அனுப்புவது? அக்காவின் பேச்சு ஊர் முழுக்கப் பரவி, மண்ணூரில் காலியாக இருந்த எல்லா அறைகளிலும் திடீரென்று கோழி அடைய ஆரம்பித்தது.

அன்றைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட். மதியம் கடை வாசலில் உடைசலைக் கொறித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தகரப் பெட்டி, முகமெல்லாம் புழுதி. கம்பெனி பெயரையும் சாலமோன் பெயரையும் சொல்லி வழி கேட்டாள். அன்னபுஷ்பம்தான் அது. அண்ணிக்காரி ஏதோ சொல்லிவிட்டாள் என்று வீடு கிடைக்கும்வரை காத்திராமல் புறப்பட்டு வந்துவிட்டாள். நான் பதறிப்போய் எங்கள் வாட்ச்மேனிடம் ஓடிச் சாலமோனை வரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பிள்ளைக்கு விக்கல் எடுத்திருந்தது. அது விக்கிய விக்கலில் உடம்பே தூக்கித் தூக்கிப் போட்டது.

"யக்கா, பிள்ளைக்கு விக்கலு. கொஞ்சம் வெள்ளம் தாங்க," என்றாள் அன்னபுஷ்பம்.

பாஞ்சாலியக்கா வெல்ல டப்பாவில் கையை விட்டவள் அப்படியே நின்றாள். சாராயக் குடும்பமோ என்னவோ, பச்சைப் பிள்ளைக்குப் போய் வெல்லமா?

"ஏம்மா, புருஷனுக்குத்தான் வெல்லப் பைத்தியம்னு பாத்தா, இத்தினி குஞ்சுக்குமா?"

"பைத்தியமா? இந்த வெயிலுக்கு ஆருக்கும் வெள்ளம் வேணுமில்லா?" என்ற அன்னபுஷ்பம், பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, அந்தப் பானையில இருக்கே."

அக்கா பானையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மறுபடி பானையைப் பார்த்தாள். வெள்ளம் என்றால் அவர்கள் ஊரில் தண்ணீர், எங்கள் பக்கத்து நாக்குக்கும் காதுக்கும் லகரமும் ளகரமும் ஒன்றுதான். பிள்ளை விக்கியது. அந்தச் சத்தத்தில் சுதாரித்தவள் குவளையில் தண்ணீரை மொண்டு ஓடினாள்.

சாலமோன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பிள்ளையை வாங்கிக்கொண்டான். அக்காதான் மெல்ல ஆரம்பித்தாள். தண்ணீர்தான் வேண்டுமென்றால் தினமும் வெல்லத்தை ஏன் கட்டிக்கொண்டு போனான்? அவன் விழித்தான். முதல் நாள் வெள்ளம் கேட்டிருக்கிறான், வெல்லம் வந்திருக்கிறது. பானையைப் பார்த்திருக்கிறான், எடுத்துக் குடி என்று அக்கா தலையாட்டியிருக்கிறாள். சரி, இந்தப் பக்கத்தில் வெல்லம் வாங்கினால்தான் தண்ணீர் தருவார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டான். வாங்கின வெல்லமெல்லாம் அறையில் ஒரு டின்னில் எறும்பு மொய்க்க நிறைந்து கிடக்கிறதாம்.

"அட, தண்ணின்னு கேட்டா வாய் வெந்துடுமா உனுக்கு?"

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டான். "வரும்போ மாமா சொல்லிவிட்டாவ. மெட்ராஸ் பக்கம் எல்லாவனும் குடிகாரன், தண்ணின்னு கேட்டா சாராயத்தை ஊத்தித் தந்திருவானுவன்னு. எனக்கு அந்தச் சொல்லு வாயில வரல்ல."

பாஞ்சாலியக்காவுக்கு வந்ததே கோபம். முழுசாக ஒரு ஆளைக்கூடப் பார்க்காமல் இந்தப் பக்கத்து ஜனத்தையே குடிகாரக் கும்பல் என்று எப்படி நினைக்கலாம், இது என்ன நியாயம், உங்கள் மாமன் இந்தப் பக்கம் வந்தே இருக்கிறானா என்று பொரிந்து தள்ளினாள். நான் முறுக்கை விழுங்க முடியாமல் சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறேன் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தில் தெரிந்தது. பேச்சு பாதியில் நின்றது. எழுந்து பின்பக்கம் போனாள். கதவு திறக்கிற சத்தம், அடுத்து கோழிகள் கத்துகிற சத்தம், அதற்கடுத்து துடைப்பத்தின் சத்தம் கேட்டது.

பிள்ளை அந்த அறையில்தான் தவழ்ந்தது, நடந்தது. கோழிகள் முருங்கை மரத்துக்கே திரும்பிப்போயின.

அடுத்த வருஷம் தெற்கேயிருந்து இன்னொரு ஆள் வேலைக்கு வந்தான். சிவந்த கண், சுருட்டை முடி, பார்த்தால் கொஞ்சம் முரட்டு ஆள்தான். கடையில் வந்து நின்று அதே சொல்லைக் கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கை டப்பாவுக்கும் போகவில்லை, பானைக்கும் போகவில்லை.

"இன்னொரு தபா சொல்லுப்பா. நாக்கை மடிச்சா, மடிக்காமயா?"

அவன் நாக்கை நன்றாக மடித்து "வெள்ளம்" என்றான். அக்கா பானையிலிருந்து குவளை நிறைய மொண்டு கொடுத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, மேலாக இருந்த முழு முறுக்கு ஒன்றை அவன் கையில் வைத்தாள், சாலமோன் ஊர்க்காரனாம். அப்படியே அடியில் துழாவி எனக்கு உடைசலை எடுத்து நீட்டினாள்.