மூன்று பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டவன்

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் முதுகுப்பையோடு மலையேறப் புறப்படுகிறவர்களைக் கனடாவின் ஸ்காபரோவில் யாரும் திட்டுவதில்லை. முகத்துக்கு நேரே சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நாங்கள் மூன்று பேர். பிக்கரிங்கில் வீடு வாங்கியதால் ஒருவன் பிக்கரிங்காரன். இருபது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறான். அடுத்தவன் ஊராருக்கு வரிக்கணக்குப் பார்க்கிறவன், ஆகவே கணக்கன். மூன்றாவது ஆள் நான். என்னால் இந்தக் குழுவுக்கு என்ன பயன் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

பயணம் பிக்கரிங்காரனுக்காகத்தான். பஸ்ஸின் பிறேக்கை மிதித்து மிதித்து அவனுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் அதை மாற்றுவதாக டொக்டர் நாள் குறித்துவிட்டார். மலை ஏதும் ஏற ஆசை இருந்தால் அதற்கு முன்னர் ஏறிவிடு, பிறகு எப்படியென்று சொல்லமுடியாது என்றாராம். டொக்டர் அதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். இவனோ கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கைபேசியில் மலைகளாகப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கடைசியில் நோர்வேயில், பேர்கன் நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டான். கீழே கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து, பச்சையாக, அசையாமல் கிடக்குமாம். அதன்மேல் தன் சொந்த முழங்காலோடு ஒருமுறை நிற்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கணக்கன் திட்டம் போட்டான். ஆகக் குறைந்த விலைக்கு ரிக்கற், ஆளுக்கு ஒரு பை மட்டும். ஹொட்டேல் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. நோர்வேயில் வீடுகளிலிருந்து தள்ளி எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடித்துப் படுக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது என்றான். பாணும் ரின்மீனும் சாப்பாடு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பேர்கனில் இருக்கும் எங்கள் சனத்துக்கு விஷயம் தெரியக்கூடாது. ஒரு நகரத்துக்குப் போய் அங்கேயுள்ள சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்காமல் திரும்பினால் அது அவமரியாதை. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டைத் தவிர்த்தால் அது பரம்பரைப் பகை.

"மச்சான், உன்ர வாய்க்குத்தான் நான் பயம்" என்றான் கணக்கன் என்னைப் பார்த்து. எனக்கு மனம் நொந்துபோயிற்று. அன்று பின்னேரம் அந்த வருத்தத்தை அம்மாவிடம் சொல்லி ஆறிக்கொண்டேன். கூடவே பயணத்தைப் பற்றியும் முழுவதுமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்ப பேர்கனில சின்னம்மா வீட்டிலதானே நிப்பியள்?" என்று கேட்டா அம்மா.

இல்லை, கூடாரத்தில் என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் கவனமாக இருக்கவேண்டும் என்ற பாடம் இந்த வயதிலும் எனக்கு ஏறவில்லை.

பயிற்சிக்கு ஸ்காபரோவில் மலை இல்லாததால் கணக்கன் வசிக்கும் அடுக்குமாடியின் படிகளில் பைகளோடு ஏறி இறங்கினோம். ஒன்பதாம் மாடியில் குப்பை போட வந்த அன்ரி ஒருவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "தம்பியவை, வீடு மாறுறியளோ? லிஃப்ற் வேலை செய்யுதே" என்றா. பிக்கரிங்காரன் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டாக இறங்கினான். வலிக்குதோ என்று கேட்டால், இல்லை, இதுதான் மலையேறுபவர்களின் முறை என்பான்.

பேர்கனில் இறங்கியபோது மழை. பஸ் எடுத்து ஊர் எல்லையில் ஒரு புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் என் பையில் இருந்தது. இருக்கவேண்டும். திறந்தேன். வறுத்த மிளகாய்த்தூள் நான்கு பொதி, ஒடியல்மா, பருத்தித்துறை வடை, ஸ்காபரோவில் தைத்த சாரி பிளவுஸ்கள். அடிவரை கையை விட்டேன். கூடாரம் கிடைக்கவில்லை.

பையை அடுக்கித் தந்தது அம்மா. மழைக்குள் நின்று அவவுக்கு அழைத்தேன்.

"வீடு வாசல் இருக்கேக்க றோட்டில படுக்கிறதோ? சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்றா அம்மா, எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல். "எங்கை நிக்கிறாய் எண்டு சொல்லு. சின்னம்மா காரோட வெளிக்கிட்டு நிக்கிறா."

பிக்கரிங்காரன் சிரித்தான். கணக்கன் சிரிக்கவில்லை. ஆனால் வடைப் பொதியை உடைத்தவன் அவன்தான்.

சின்னம்மா எங்களை நன்றாகவே பார்த்துக்கொண்டா. மழை மூன்று நாள் விடவில்லை, சின்னம்மாவும் விடவில்லை. இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன தேசத்தில் நான் பார்த்தவை ஒரு சாப்பாட்டு மேசையும் அதன்மேல் மாறி மாறி வந்த கறிகளும். பிக்கரிங்காரன் மட்டும் யன்னலோரம் கதிரையைப் போட்டு, முழங்காலைத் தடவியபடி முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் மட்டும் வெயில் எறிக்கும் என்று வானிலை சொல்லிற்று. அந்த ஒரு நாள்தான் அவனுக்கு.

அந்த நாளைச் சின்னம்மா ஏற்கெனவே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டா. காலையில் தன் வீடு, மத்தியானம் அம்மாவோடு படித்த அன்ரி வீடு, பின்னேரம் சித்தப்பாவின் தம்பி வீடு. இதில் கடைசி வீடுதான் சிக்கல். ஏதோ கலியாண வீட்டில் தங்களைப் பின்வரிசையில் இருத்திவிட்டார்கள் என்று சின்னம்மாவோடு கோபித்து வருடக்கணக்காகப் பேசாமல் இருந்து, இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்கள். நாங்கள் போகாவிட்டால் சின்னம்மாதான் மறித்தா என்று மறுபடியும் முகத்தைத் திருப்பிவிடுவார்கள்.

"பரவாயில்லை மச்சான்" என்றான் பிக்கரிங்காரன். "எங்களால அவைக்குள்ள சண்டை வரவேண்டாம். நான் போனில பாத்ததுதானே."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் சப்பாத்துகளைக் கழுவி, காயவைக்காமல் பையின் அடியில் வைத்தான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. குசினிக்குப் போனேன்.

"சின்னம்மா, அவன் காலுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறான்" என்றேன். "ஒப்பரேசனுக்கு முதல் மலை ஏறி முடிக்கவேணும். துணைக்கு ஒராள் போகவேணும்."

அதில் பொய் என்று எதைச் சொல்வது? கடவுளின் பெயர் மட்டும்தான் குறைந்தது. சின்னம்மா கரண்டியை வைத்தா. நேர்த்திக்கடன் என்றால் யாரும் மறிக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. ஆனா மூண்டு வீட்டிலயும் மூண்டு பேருக்கெல்லோ சமைக்கினம்?"

"மூண்டு பேற்ற சாப்பாடும் போனாச் சரிதானே? நான் இருக்கிறன்."

"நீ ஒராளோ?"

"என்ர வயித்தை ஒருக்காப் பாருங்கோ, சின்னம்மா."

பார்த்தா. என்மீது அவவுக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மறுநாள் விடியவே அவர்கள் இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மலையேறுபவனின் உடையிலேயே சின்னம்மாவின் மேசையில் அமர்ந்தேன். ஆட்டிறைச்சிக் கறியை எனக்குப் போட்டுவிட்டு, "இது பஸ் ஓடுற தம்பிக்கு" என்று ஒரு கரண்டியும், "இது கணக்குப் பாக்கிற தம்பிக்கு" என்று இன்னொரு கரண்டியும் போட்டா. மத்தியானம் அன்ரி வீட்டில் புட்டும் நோர்வேக் கடலின் சாமன் மீன் குழம்பும். நோர்வேயின் இயற்கை வளத்தோடு எனக்கு ஏற்பட்ட நேரடித் தொடர்பு அது ஒன்றுதான். கணக்கனின் பங்கை முடித்தபோது கண் இருட்டியது.

மூன்றாவது வீட்டில் சித்தப்பாவின் தம்பி வாசலிலேயே நின்று என்னைத் தழுவினார். இடியப்பம், கணவாய்க் கறி, சொதி. என்னோடு வந்த சின்னம்மா முன்வரிசையில் இருத்தப்பட்டா. இரண்டாவது ஆளின் பங்கில் பாதிவழியில், மூச்சு வாங்க, பெல்ற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு.

முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது, பட்டி சுற்றி, சேறு அப்பி. பிறகு பாறையின் விளிம்பு. அதற்கு அப்பால் அந்தப் பச்சைத் தண்ணீர், இரண்டு மலைகளுக்கு நடுவே. பிக்கரிங்காரனின் மூச்சு கேட்டது. ஐந்து மணித்தியாலம் ஏறினார்களாம் என்று பின்னாலிருந்து கணக்கன் சொன்னான். கடைசிப் பகுதியை இவன் பாறையில் குந்திக் குந்தித்தான் ஏறினானாம்.

"பாத்தியா, மச்சான்" என்றான் பிக்கரிங்காரன் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

பார்த்தேன். கையிலெடுத்த இடியப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சித்தப்பாவின் தம்பி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உந்தக் கல்லுக்கோ இவ்வளவு பாடு? பின்பக்கத்தால கார் றோட் போகுதே. போன கிழமையும் நாங்கள் போய் இருந்து ரீ குடிச்சிட்டு வந்தனாங்கள்."

நான் கைபேசியின் அடிப்பகுதியைக் கையால் பொத்தினேன். கையில் குழம்பு.

"அங்கிள் என்னடா சொல்லுறார்?" என்று மறுமுனையில் பிக்கரிங்காரன் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் கணவாய் போடட்டோ எண்டு கேக்கிறார்" என்று சொல்லி, தட்டை அவரிடம் நீட்டினேன்.