குதிகாலில் இல்லாத குறி

பாச்சாங்கில் எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. அடையாளக் கார்டுக்குப் படம் எடுப்பது, நகல் எடுப்பது, படங்களுக்குச் சட்டம் போடுவது எல்லாம் உண்டு. ஆனாலும் ஆட்கள் என்னைத் தேடி வருவது இறந்தவர்களின் பழைய படங்களைப் புதுப்பிக்கத்தான். பூஞ்சை அரித்த கன்னத்தையும் கிழிந்து போன நெற்றியையும் கணினியில் சரிசெய்து, மாலை போடுவதற்கேற்ற அளவில் பெரிதாக்கித் தருவேன்.

ஒரு கண்ணோ காதோ முழுதாக அழிந்து போயிருந்தால், அதே குடும்பத்தில் வேறொருவரின் படத்திலிருந்து எடுத்து வைப்பேன். அப்பாவுக்கு மகனுடையது, அக்காவுக்குத் தங்கையுடையது. எவ்வளவு நெருங்கிய ரத்தமாக இருந்தாலும் அது அப்படியே உட்கார்ந்துவிடாது. இழுத்து, சாய்த்து, நிழல் போட்டு ஏமாற்ற வேண்டும்.

பெரிய மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது லூபோக் சீனாவிலிருந்து என் அத்தை பஸ் ஏறி வந்தார். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன், கன்னியாக இறந்த பெண்ணுக்குப் படையல் வைப்போம். புதுப் பாவாடையும் பூவும் வளையலும் வைத்துக் கும்பிட வேண்டும். எங்கள் கன்னி எனக்கு முன்னால் பிறந்த அக்கா. நாங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில், ஐந்து வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு படம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"பொட்டியில அடியில கெடந்துச்சுய்யா. ஒரு பக்கம் பூச்சி தின்னுருச்சு. ஒனக்குத்தான் சாமி படத்துக்கே உசுரு வர வைக்கத் தெரியுமே."

அத்தை சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார். மழை பிடித்திருந்தது, கடையில் யாரும் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். வலது பாதி வெறும் வெள்ளைக் கறை. இடது பாதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. கண்ணுக்கு வேறு படம் வேண்டும். என் அம்மா அப்பாவின் படங்களைப் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு, ஏன் என்று தெரியவில்லை, என் சின்ன மகளின் ஐந்து வயதுப் படத்தைத் திறந்து அவளுடைய வலது கண்ணை எடுத்து வைத்தேன்.

உட்கார்ந்துவிட்டது. இழுக்கவில்லை, சாய்க்கவில்லை. கண்ணின் உள் ஓரத்தில் இருந்த சின்ன மடிப்பு, மறுபக்கத்து மடிப்போடு அப்படியே இணைந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

என் சின்ன மகளுக்குப் பதினெட்டு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். கடையில் சட்டங்களைத் துடைப்பது அவள் வேலை, அதில் யாரையும் கைவைக்க விடமாட்டாள். அன்று துணியும் கையுமாக என் பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"அப்பா, இந்தச் சட்டைய நான் எப்ப போட்டேன்?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க வச்சீங்க? எனக்கு வேணும்," என்றாள்.

சாயங்காலம் அத்தையிடம் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"இவ மொகந்தான் ஒஞ் சின்னவளுக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். ஒங்கம்மாவுக்கு வயித்துலயே மூணு தங்கல. இவதான் மொத மொத நின்னவ. இவ போனப்ப, திரும்பிப் பொறந்து வந்தா அடையாளம் தெரியணும்னு வலது குதிகால்ல கரி வச்சுத்தான் அனுப்பினோம். நீ பொறந்தப்ப மொதல்ல ஒன் காலத்தான் பாத்தோம்."

"எங்கால்ல இருந்துச்சா?"

"இல்ல. ஒஞ் சின்ன மவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில அவ கால யாருக்கும் தெரியாம திருப்பிப் பாத்தேன். அவளுக்கும் இல்ல. முகம் மட்டும் வந்துருக்கு, குறி வரல. அதான் எனக்குப் புரியல."

அன்று நான் தூங்கவில்லை. விடிந்ததும் சாமி மேடையில் அம்மன் படத்தை எடுத்து, சட்டத்தின் பின்பக்கம் கையை விட்டேன். மஞ்சளேறிய தாள் அங்கேயே இருந்தது. சின்னவள் பிறந்தபோது, தாய் தகப்பன் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்த தாள். நாங்கள் போகவில்லை. காரணம் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தோம். அவள் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று என் மனைவி கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே போனாள். அதனால்தான் பிள்ளை இப்படி என்று என் அம்மா சொன்னார். நாங்களும் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தாளை அவளிடமே ஒப்படைத்துவிட்டோம்.

அந்தத் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நான் ரத்தம் கொடுத்தேன், சின்னவளும் கொடுத்தாள். சில வாரங்கள் கழித்து டாக்டரம்மா ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நுண்ணோக்கியில் எடுத்த படம். கறுத்த சின்னச் சின்னக் குச்சிகள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன. நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு நாற்பத்தைந்து.

"ஒண்ணும் தொலையலங்க," என்றார். "இருபத்தொண்ணாவது குரோமோசோம்ல ஒண்ணு பதினாலாவதோட ஒட்டிக்கிட்டு இருக்கு. உங்களுக்குச் சரக்கு எல்லாம் சரியா இருக்கு, அதனால நீங்க நல்லா இருக்கீங்க. பிள்ளைக்குப் பிரிச்சுக் குடுக்கும்போதுதான் கணக்கு தப்பும். சிலது வயித்துல தங்காது. சிலது இந்தப் பிள்ளை மாதிரி பொறக்கும். சிலது உங்கள மாதிரி, வெளிய ஒண்ணுமே தெரியாது."

அக்காவுக்கும் இதுதானா என்று கேட்டு அவள் படத்தை நீட்டினேன். படத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் உடனே திருப்பித் தரவில்லை.

அத்தை குதிகாலில் தேடிய கரி அந்தத் தாளில் இருந்தது. எனக்கும் இருந்தது, சின்னவளுக்கும் இருந்தது.

"மூத்த பொண்ணு ஒருத்தி இருக்காங்கன்னீங்களே? அவங்களும் பாக்கணும். ஆம்பளைய விடப் பொம்பளைக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கூட. குழந்தை உண்டாகறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கறது நல்லது."

மனைவியிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப, நான் துணி எடுக்கப் போனது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு கிரகணத்துக்கும் பட்டினி கிடந்தவள். "பெரியவகிட்ட சொல்லிடுங்க. என்னய மாதிரி அவளும் எதையாவது நெனச்சுக்கிட்டுக் கெடக்க வேணாம்," என்றாள்.

பத்து நாள் வாயைத் திறக்க முடியவில்லை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். தஞ்சோங் கிளிங்கில் சொந்தக்காரருக்குப் பத்திரிகை வைக்கப் பெரியவளோடு போன நாள், கடலோரச் சாலையில் காரை நிறுத்தி அந்தத் தாளை அவள் மடியில் வைத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஜோசியர் பத்துக்கு ஒம்போது பொருத்தம்னாரு. பத்தாவது இதானாப்பா?"

சிரித்தாள், பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க நடுவுல வராதீங்க லா."

மாப்பிள்ளை இரண்டு நாள் அவளுடைய போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும், சின்னவள் முறைத்தும் கேட்காமல், கடைப் படங்களில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நானே துடைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். "டாக்டரம்மாகிட்ட நானும் கூட வரேன் மாமா. எனக்கும் கேள்வி இருக்கு," என்றார்.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பெரியவளின் தாளை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே இடத்தில் அதே குச்சி, ஒன்றின் தலையில் இன்னொன்று. அவள் என் நிறமில்லை, என் மூக்கில்லை என்று எல்லாரும் சொல்வார்கள்.

கல்யாணம் நிற்கவில்லை. பிள்ளையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக் கேட்டு முடிவெடுப்போம் என்று இருவரும் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கன்னிக்குப் படைத்தோம். சின்ன மகளின் கண்ணோடு அக்கா சட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நான் அழகா இருக்கேன்ல?" என்று அத்தையைக் கேட்டாள். அத்தை அவள் காலைத் தொட்டு விபூதி வைத்தார்.

படைத்த பாவாடையைக் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கட்டிவிடுவது வழக்கம். ஐந்து வயது அளவுக்கு எடுத்த பாவாடை, எங்கள் வீட்டில் அதற்குப் பிள்ளை இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று மனைவி கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவள் அதை வாங்கினாள். முந்தானையால் ஒரு பூ இதழைத் தட்டிவிட்டு, நான்காக மடித்து, தன் கல்யாணப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து மூடினாள்.